நொய்யலில் செத்தது மீன் மட்டும்தானா? கண்ணுக்குத் தெரியாத கூலியாட்களைக் கொன்றதற்குக் கணக்குக் கேட்போம்!



வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, நொய்யல் என்கிற ஊரில் காவிரியோடு கலக்கிற ஆறு நம்ம ஆறு. காஞ்சிமாநதி என்று பெரியவங்க பேர் வைத்துக் கும்பிட்ட ஆறு. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் கொடுமணலில் மணி கோத்து, இரும்பு உருக்கி, கடல் கடந்து வியாபாரம் செய்தவங்களுக்குத் தண்ணி கொடுத்த ஆறு. அந்த ஆற்றில் இன்றைக்கு மாடு வாய் வைக்காது. கால் நனைத்தால் அரிப்பு. மழை பேய்ஞ்சால் தண்ணிக்கு முன்னால் நுரை வருகிறது.

மீன் செத்து மிதந்தபோது பத்திரிகையில் படம் போட்டார்கள். தென்னை காய்ந்தபோது அதிகாரி வந்து பார்த்தார். கிணறு உப்பானபோது பாட்டிலில் தண்ணி பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சாவு நடந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை, எந்த அதிகாரியும் எழுதி வைக்கவில்லை, அதற்கு நஷ்டஈடு கேட்கவும் நமக்குத் தெரியவில்லை. அந்தச் சாவைப் பற்றிப் பேசத்தான் இந்தத் துண்டறிக்கை.

செத்தது யார்? ஆற்றில் கூலி வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்த கோடானுகோடி நுண்ணுயிர்கள்.

"ஏனுங்க, கிருமி செத்தால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நமக்குத் தெரியாத விசயமா இது?

பாலில் ஒரு கரண்டி மோர் ஊற்றினால் விடியும்போது தயிர். மாவு ஆட்டி உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து அமிர்தக் கரைசல் செய்கிறோம், பஞ்சகவ்யம் போடுகிறோம். இதெல்லாம் யார் செய்கிற வேலை? நுண்ணுயிர் செய்கிற வேலை. வேளாண்மைத் துறையே அசோஸ்பைரில்லம் என்றும் பாஸ்போ பாக்டீரியா என்றும் பாக்கெட் போட்டு, "விதை நேர்த்தி செய்யுங்கள், மண்ணுக்கு உயிர் கொடுங்கள்" என்று நமக்குச் சொல்கிறது. நல்ல மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. நல்ல ஆற்றுத் தண்ணியில் ஒரு மில்லி எடுத்தால் பத்து லட்சம் அளவில் இருக்கிறது.

ஒரு கையால் பாக்கெட்டில் நுண்ணுயிர் விற்கிற அரசாங்கம், இன்னொரு கையால் ஆற்றிலுள்ள நுண்ணுயிர் முழுவதையும் சாயத்தண்ணியில் சாக விட்டது. இதை எந்த ஊர் நியாயம் என்பது?

ஆற்றில் அந்தக் கூலியாட்கள் செய்த வேலை என்ன?

நம் அப்புச்சி காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிந்ததும் அள்ளிக் குடித்தார்கள். மேலே ஓடுகிற தண்ணி கலங்கலாக இருந்தாலும் ஊற்றுத் தண்ணி பளிங்கு மாதிரி இருந்தது. மணல் வெறும் சல்லடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு மணலையும் சுற்றி, ஒவ்வொரு கல்லின் மேலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பான படலம் இருக்கிறது. பாக்டீரியா, பூஞ்சை, பாசி, ஒற்றைச் செல் பிராணிகள் எல்லாம் சேர்ந்து குடியிருக்கிற ஊர் அது. தண்ணி அதன் வழியாகப் போகும்போது அழுக்கைத் தின்றுவிட்டு சுத்தத் தண்ணியை அனுப்பி வைக்கும். பெரிய பட்டணங்களில் மணல் வடிகட்டி கட்டித் தண்ணி சுத்தம் செய்ததும் இதே முறையில்தான். நம்ம ஆறு மலையடிவாரத்திலிருந்து காவிரி வரைக்கும் இப்படி ஒரு வடிகட்டியாகவே இருந்தது. கரண்ட் பில் இல்லை, ஆபரேட்டர் இல்லை, டெண்டர் இல்லை, கமிஷனும் இல்லை!

அந்த ஊரில் ஆளுக்கொரு வேலை.

விழுந்த இலை, சாணம், சாக்கடைக் கழிவு இவற்றை மக்க வைக்க ஒரு கூட்டம். பூஞ்சைகள் இலையை ஊற வைத்துப் பதமாக்கினால்தான் பூச்சிப் புழுக்கள் அதைத் தின்னும். புழுவை மீன் தின்னும்.

கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை மாற்ற இன்னொரு கூட்டம். அம்மோனியா மீனுக்கு விசம். நைட்ரோசோமோனாஸ் என்கிற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்கும். அடிச்சேற்றில் காற்றில்லாத இடத்தில் வேலை செய்கிற இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜனாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பும். அண்ணன் களை எடுக்க, தம்பி தண்ணி கட்ட, கடைசியில் எல்லாரும் சேர்ந்து அறுக்கிற மாதிரி தொடர்ச்சியான வேலை இது. நடுவில் ஒருத்தன் படுத்தால் மொத்தமும் நின்றுபோகும்.

கல்லின் மேல் ஒட்டியிருக்கிற பழுப்புப் பாசி, அதாவது டயட்டம், வெயிலை வாங்கித் தண்ணிக்குள்ளேயே ஆக்சிஜன் விடும். பாக்டீரியாவுக்கும் மீனுக்கும் மூச்சு அதுதான்.

"ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்று படித்தவங்க பேசுகிறார்களே, அது இந்தக் கூட்டத்தைத்தான். ஆறு தானாக எதையும் சுத்தம் செய்யாது. அதிலிருக்கிற உயிர்தான் சுத்தம் செய்யும். உயிரைக் கொன்றுவிட்டு ஆறு சுத்தம் செய்யும் என்று சொல்வது, உழவனைக் கொன்றுவிட்டுக் காடு தானாக விளையும் என்று சொல்வதற்குச் சமம்.

சாயத்தண்ணி என்ன செய்தது?

முதலில் உப்பு. பருத்தித் துணியில் அடர்ந்த நிறம் ஏற்ற ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவும் அதற்கு மேலும் உப்புப் போடுகிறார்கள். சமையல் உப்போ, கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்டோ, அது துணியில் தங்குவதில்லை. அத்தனையும் தண்ணியோடு வெளியேதான் வரும். மாங்காயை உப்பில் போட்டால் சுருங்கித் தண்ணி விடுகிறதல்லவா? அதேதான் பாக்டீரியாவுக்கும் நடக்கும். உடம்பிலுள்ள தண்ணி வெளியே போய்ச் சுருண்டு சாகும். உப்பைத் தாங்கிக்கொள்கிற சில வகை மட்டும் மிஞ்சும்.

அடுத்து நிறம். போடுகிற சாயத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று நான்கு பங்கு வரை துணியில் ஒட்டாமல் கழுவிப் போகிறது. தண்ணி சிவப்பாகவும் நீலமாகவும் ஓடினால் வெயில் அடிக்கல்லுக்கு இறங்காது. வெயில் இல்லாமல் பாசி ஏது? பாசி இல்லாமல் ஆக்சிஜன் ஏது? மீன் வாழ ஒரு லிட்டர் தண்ணியில் 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். அது இறங்கினால் மூச்சு முட்டித்தான் சாகும்.

அப்புறம் சலவை. ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் எதற்குப் போடுகிறோம்? கிருமி சாகத்தான். துணியை வெளுக்க அதே குளோரின் சரக்கைப் போட்டு, அந்தத் தண்ணியை வருசக் கணக்கில் ஆற்றில் விட்டால், ஆற்றில் உயிர் எப்படித் தங்கும்? அதோடு காஸ்டிக் சோடா, ஆசிட். சில சாயங்களோடு செம்பு, குரோமியம், துத்தநாகம் மாதிரி உலோகங்கள். அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா இருக்கிறதே, அது ரொம்ப மென்மையானது. உலோகத்துக்கும் உப்புக்கும் முதல் பலி அதுதான். அது போன பிறகு அம்மோனியா அப்படியே தேங்கும்.

"கழிவுநீரில் கூட பாக்டீரியா இருக்கிறதே, எங்கே செத்தது?" என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. இருக்கிறது, நாங்களும் மறுக்கவில்லை. எந்த பாக்டீரியா என்பதுதான் கேள்வி. நூறு வகைப் பயிர் விளைந்த தோட்டத்தில் எல்லாம் அழிந்து சீமைக் கருவேல் மட்டும் முளைத்தால், "செடி இருக்கிறதே, தோட்டம் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று சொல்வீர்களா? ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் சல்பேட்டை வைத்துப் பிழைக்கிற பாக்டீரியா பெருகும். கிளாபர் உப்பு அதற்கு விருந்து. அது விடுகிற காற்றுதான் ஹைட்ரஜன் சல்பைடு. ஆற்றோரம் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, சேறு மை மாதிரிக் கறுத்துக் கிடக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். நாற்றம் வருகிற இடத்தில் நல்ல கூலியாட்கள் செத்து வேறு கூட்டம் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

அதே காற்றில்லாத சேற்றில் அசோ வகைச் சாயங்களை பாக்டீரியா உடைக்கும். உடனே "பாருங்கள், நிறம் போய்விட்டது, தண்ணி தெளிந்துவிட்டது" என்பார்கள். நிறம் போனால் விசம் போனதாக ஆகுமா? உடைந்த சாயத்திலிருந்து அரோமேடிக் அமீன் என்கிற பொருள்கள் வரும். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. அவற்றை மேற்கொண்டு மக்க வைக்க ஆக்சிஜனும் ஆக்சிஜனில் வாழ்கிற நல்ல பாக்டீரியாவும் வேண்டும். அதைத்தான் முன்னமே கொன்றாயிற்றே!

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சாணத்தை பாக்டீரியா தின்னும், சாக்கடையைத் தின்னும், நாள் கொடுத்தால் சாயத்தைக் கூடத் தின்னும். உப்பைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர் உலகத்திலேயே கிடையாது. உலோகத்தை அழிக்கிற நுண்ணுயிரும் கிடையாது. ஒரு உருவத்திலிருந்து இன்னொரு உருவத்துக்கு மாற்றலாம், அவ்வளவுதான். ஆற்றில் விட்ட உப்பு நம் கிணற்றுக்கு வந்தது, கிணற்றிலிருந்து காட்டுக்கு வந்தது, காட்டில் மண்ணை இறுக்கியது. அவரை, தட்டை, கடலை வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுக்கிற ரைசோபியமும் உப்பு மண்ணில் ஒடுங்கிப் போகிறது. பிறகு நாம் யூரியா மூட்டைக்குக் கடை வாசலில் நிற்கிறோம். ஆற்றில் செத்த கூலியாளுக்கு நம் பாக்கெட்டிலிருந்து கூலி போகிறது!

ஒரத்துப்பாளையம் மறந்துபோச்சா?

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்கு என்று திறக்கப்பட்டது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் என்று சொன்னார்கள். பாய்ந்ததா? சாயத்தண்ணிதான் தேங்கியது. அணையைச் சுற்றி இருந்த கிணறெல்லாம் கெட்டது. தண்ணி கேட்டுப் போராடுகிற விவசாயியைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. "ஐயா, எங்களுக்கு அணைத் தண்ணி வேண்டாம், தேக்காதீர்கள்" என்று கோர்ட்டுக்குப் போன விவசாயி நொய்யல் விவசாயிதான்!

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில், 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது, அதுவரைக்கும் விடுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவிலிருந்து ஆரம்பித்து அபராதம் கட்ட வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும், கெடுத்தவனே செலவைச் சுமக்க வேண்டும் என்று உறுதி செய்தது. அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28-ல் திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடு, கரண்டைத் துண்டி என்று உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு என்ன நடந்தது? பனியன் தொழில் அழிந்தா போனது? கழிவைச் சுத்திகரித்து, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிற நிலையங்கள் வந்தன. ஏற்றுமதி நடந்துகொண்டுதான் இருக்கிறது. "முடியவே முடியாது" என்று பத்துப் பதினைந்து வருசம் சொன்ன காரியம் கோர்ட் பிடரியைப் பிடித்ததும் முடிந்தது. அப்படியானால் அந்தப் பத்துப் பதினைந்து வருசம் நம் ஆறு செத்தது யார் லாபத்துக்கு?

இன்றைக்கும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அனுமதி இல்லாத பட்டறைகள் ராத்திரியிலும் மழை நேரத்திலும் திறந்து விடுகின்றன. சுத்திகரிப்பில் மிஞ்சுகிற கசடும் கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகச் சேருகிறது. அதோடு பட்டணத்துச் சாக்கடை வந்து சேருகிறது. உயிருள்ள ஆறாக இருந்தால் சாக்கடையில் ஒரு பங்கையாவது தின்று தீர்த்திருக்கும். கூலியாள் இல்லாத ஆறு சாக்கடையையும் சுமக்க முடியாமல் அப்படியே காவிரிக்குத் தள்ளுகிறது. நமக்குக் கீழே இருக்கிற விவசாயிக்கு நம்ம ஊர் வழியாகத்தான் விசம் போகிறது. அந்தப் பழி நமக்கு வேண்டாம்.

ரிப்போர்ட் காட்டி ஏமாற்றாதே!

"பிஓடி அளவுக்குள் இருக்கிறது, ஒன்றும் பயமில்லை" என்று ஒரு காகிதத்தைக் காட்டுவார்கள். அந்த பிஓடி என்றால் என்ன? தண்ணியை பாட்டிலில் அடைத்து, 27 டிகிரி சூட்டில் 3 நாள் வைத்து, அதிலுள்ள பாக்டீரியா எவ்வளவு ஆக்சிஜன் தின்றது என்று பார்ப்பார்கள். அழுக்கு அதிகம் என்றால் நிறையத் தின்னும், எண் ஏறும். வெளியே விடுகிற தண்ணிக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு.

இப்போது யோசியுங்கள். தண்ணியில் பாக்டீரியாவையே கொல்கிற விசம் இருந்தால்? பாக்டீரியா தின்னாது. ஆக்சிஜன் குறையாது. எண் குறைவாகத்தான் வரும். காகிதத்தில் தண்ணி "சுத்தம்"! சாட்சியைக் கொன்றுவிட்டு, "சாட்சி யாரும் வரவில்லை, கேஸ் தள்ளுபடி" என்கிற மாதிரி. அதனால்தான் சொல்கிறோம், பிஓடி எண்ணைத் தனியாகக் காட்டினால் ஏமாறாதீர்கள். பக்கத்தில் சிஓடி எண்ணையும் கேளுங்கள். சிஓடி என்பது ரசாயனம் போட்டு அளப்பது, அதற்கு பாக்டீரியா தேவையில்லை. சிஓடி மிக அதிகமாகவும் பிஓடி மிகக் குறைவாகவும் இருந்தால், ஒன்று தண்ணியில் பாக்டீரியாவைக் கொல்கிற சரக்கு இருக்கிறது, இல்லையென்றால் பாக்டீரியா தின்ன முடியாத சரக்கு இருக்கிறது.

இன்னொரு பரிசோதனையும் சட்டத்திலேயே இருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கழிவுநீருக்கான பொது வரையறையில், கழிவுநீரில் மீனை விட்டால் 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல சட்டம்! அந்த மீன் தொட்டி எங்கே? எத்தனை மீன் பிழைத்தது என்கிற கணக்கை எந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்கள்? எங்கள் கண்ணில் படவில்லை.

நம் முதுகையும் பார்த்துக்கொள்வோம்

"விவசாயி மட்டும் யோக்கியமா? யூரியாவும் பூச்சி மருந்தும் யார் போடுகிறது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், கேள்வியில் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறிப் போட்ட யூரியா மழையில் வாய்க்காலுக்கு வருகிறது, நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. மருந்து டப்பாவை ஓடையில் கழுவுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மருந்து மீனை மட்டும் கொல்லாது, பாசியையும் நுண்ணுயிரையும் சேர்த்தே அடிக்கும். இதை நாம் நிறுத்தித்தான் ஆக வேண்டும். தன் வீட்டு வாசலைக் கூட்டாதவனுக்கு அடுத்தவன் குப்பையைப் பற்றிப் பேச வாய் வராது.

ஆனால் ஒன்று. நம் தப்பைக் காட்டித் தன் தப்பை மறைக்க எவனுக்கும் உரிமை இல்லை. நாம் மருந்து டப்பா கழுவியதால் ஒரத்துப்பாளையம் அணை உப்பாகவில்லை!

"சாயப்பட்டறையை எதிர்த்தால் வேலை போகும்" என்றும் பயம் காட்டுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். நம் காடு காய்ந்ததால்தான் பாதிப் பேர் போனார்கள். தொழில் நடக்கட்டும், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சீமையில் ஒருத்தன் மலிவாகச் சட்டை போடுவதற்கு நொய்யல் விவசாயியின் கிணறு ஏன் மானியம் கொடுக்க வேண்டும்? சுத்திகரிப்புச் செலவைச் சட்டை விலையில் ஏற்று. எங்கள் ஆற்றின் மேல் ஏற்றாதே!

சீரமைப்பா, சிமெண்டுப் பூச்சா?

ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று வந்தால் கையில் சிமெண்டு மூட்டையோடுதான் வருகிறார்கள். கரைக்குக் கல் பதிப்பு, நடைபாதை, விளக்கு. ஆற்றின் அடிமடியில் சிமெண்டுப் போட்டால் மணலுக்குள் குடியிருக்கிற நுண்ணுயிர் எங்கே போகும்? மணலை அள்ளி விற்றவன் ஆற்றின் வடிகட்டியை விற்றான். சிமெண்டு போடுகிறவன் வடிகட்டிக்கு மூடி போடுகிறான். இரண்டும் ஒன்றுதான். ஆறு என்றால் மணல், கல், நாணல், ஓடுகிற நல்ல தண்ணி. இது இருந்தால், விசமும் நின்றால், நுண்ணுயிர் தானாகத் திரும்பி வரும். மேலே மலையடிவாரத்தில் இன்னும் விதை இருக்கிறது, ஓடி வருகிற தண்ணியே கொண்டுவந்து சேர்க்கும். நாட்கணக்கில், மாதக்கணக்கில் படலம் மறுபடியும் கட்டும். அது வரும். ஆனால் அடிச்சேற்றில் படிந்த உலோகமும் நிலத்தடியில் இறங்கிய உப்பும் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் "இப்போது நிறுத்திவிட்டோமே, பழசை மறந்துவிடுங்கள்" என்கிற பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட விவசாயிகளுக்கு 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இழப்பைக் கணக்கிட ஆணையமும் வந்தது. அப்படியும் முழு நியாயம் கிடைக்காமல் வழக்கு இழுத்து, 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும், அரசே முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு கெடுத்தவர்களிடம் வசூல் செய்ய வேண்டும், சீர்கெட்டது சரியாகும் வரை பொறுப்பு தீராது என்று சொல்லியிருக்கிறது. கிட்டத்தட்ட முப்பது வருசம்! பாலாற்று விவசாயிக்குச் சொன்ன நியாயம் நொய்யல் விவசாயிக்கும் உண்டு. இழப்பீடு என்றால் பயிர்க் கணக்கு, ஏக்கர் கணக்கு மட்டும் போதாது. ஆறு சும்மா செய்துகொடுத்த சுத்திகரிப்பு வேலைக்கும் கணக்குப் போட வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆற்றில் மேலே, நடுவே, கீழே என்று நிரந்தர இடங்கள் குறித்து, பிஓடி, சிஓடி, உப்பு, அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். ராத்திரியிலும் மழை நாளிலும் மாதிரி எடுக்க வேண்டும், விவசாயிகள் முன்னிலையில் எடுக்க வேண்டும்.

2. சட்டத்தில் சொன்ன மீன் பரிசோதனையை நடத்தி, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கல்லில் ஒட்டிய உயிர்ப் படலம், நீர்ப்பூச்சிகள் ஆகியவற்றையும் வருசா வருசம் ஆய்வு செய்ய வேண்டும்.

3. பட்டணத்துச் சாக்கடை சுத்திகரிக்காமல் ஒரு குடம் கூட ஆற்றில் சேரக் கூடாது.

4. தேங்கிக் கிடக்கும் கசடு, கலப்பு உப்பு முழுவதையும் மழை படாத இடத்துக்கு மாற்றி, பாதுகாப்பாக அப்புறப்படுத்த வேண்டும்.

5. ஆற்று மடியில் சிமெண்டுத் தளம் கூடாது. மணல் திருட்டை ஒடுக்க வேண்டும்.

6. கெட்ட கிணற்றுக்கும் கெட்ட மண்ணுக்கும், சரியாகும் வரை, கெடுத்தவர்களிடம் வசூலித்து இழப்பீடு தர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஆத்தோரம் போகும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். தட்டான் புழு இருக்கிறதா, கல்லில் பழுப்பு வழவழப்பு இருக்கிறதா, தவளை கத்துகிறதா? நுரை, நிறம், முட்டை நாற்றம் எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தது? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். செல்போனில் படம் எடுங்கள். தேதி போட்ட நோட்டு கோர்ட்டில் பேசும்.

பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, உங்கள் ஊர் எல்லையில் எடுத்த தண்ணி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பிஓடியும் சிஓடியும் இரண்டும் கேளுங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையிலும், மற்ற கிராம சபைகளிலும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர் கையில் ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணியோடு வாருங்கள். பேச்சுக்கு முன்னால் பாட்டிலை மேசை மேல் வைப்போம். மூடியைத் திறந்து மோந்து பார்க்கட்டும்!

வரப்போரம் மருந்து டப்பா கழுவுவதை இன்றோடு நிறுத்துவோம். தொழுஉரமும் கரைசலும் போட்டு நம் மண்ணிலுள்ள கூலியாட்களை நாமே காப்பாற்றுவோம். அதைச் செய்துவிட்டு ஆற்றுக்காகக் கேட்கிறபோது நம் குரலுக்கு இரட்டை பலம்.

பெருமக்களே! மீன் கத்தாது, தென்னை கத்தாது. கண்ணுக்கே தெரியாத உயிர் எப்படிக் கத்தும்? அதன் சார்பில் கத்த வேண்டியவர்கள் அதன் உழைப்பில் சோறு தின்ற நாம்தான்.

கொல்லாதே! கொல்லாதே! ஆற்றின் உயிரைக் கொல்லாதே!
காட்டு! காட்டு! மீன் பரிசோதனைக் கணக்கைக் காட்டு!
கெடுத்தவனே செலவைக் கட்டு!
நொய்யல் ஓடட்டும்! உயிரோடு ஓடட்டும்!

இவண்,
நொய்யல் கரை விவசாயிகள்

(படித்துவிட்டுக் கிழிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுங்கள்.)